கூப்பிடாமல் உள்ளே போன பிள்ளை

லண்டன் பாடசாலைகளில் புதிதாகப் படிப்பிக்க வந்திருக்கும் உங்களில் நாலைந்து பேர் சென்ற மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். எல்லோரும் கேட்டது ஒன்றையேதான்: இந்தப் பிள்ளைகளை எப்படி அடக்குவது? நான் வடையைத் தட்டில் வைத்துக்கொண்டே பேச்சை மாற்றிவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை. பிள்ளைகளை அடக்குவது ஒரு பாடசாலைத் தவணைக்குள் உங்களுக்கே பிடிபட்டுவிடும். புள்ளி போடுவதையும் அறிக்கை எழுதுவதையும் யாராவது சொல்லித் தருவார்கள். இங்கே யாரும் சொல்லித் தராத ஒன்று இருக்கிறது. அதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட முடியாது என்றுதான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது ஆறுதலாக எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் பல வருடங்கள் கணிதம் படிப்பித்தேன். நான் நல்ல ஆசிரியை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அடக்கம் காட்டி யாருக்கு என்ன லாபம்? எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்து, பிளேஸ்டோவில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறைகளில் குடியிருந்தோம். கணவருக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட். எனக்குச் சப்ளை வேலை. லீவில் நிற்கும் ஆசிரியருக்குப் பதிலாக, இன்றைக்கு ஒரு பாடசாலை, நாளைக்கு இன்னொரு பாடசாலை என்று ஓடித் திரிவதுதான் அது. விடியத் தொலைபேசி அடிக்கும். பாடசாலையின் பெயரைச் சொல்வார்கள். ஒரு கையில் கடித்த பாண் துண்டும் மறு கையில் வீதிப் படப் புத்தகமுமாக நான் படியிறங்குவேன். வேலை முடிந்து அவர் படியேறுவார். எங்கள் குடும்ப வாழ்க்கையில் பாதி அந்தப் படிக்கட்டில்தான் நடந்தது.

என் முதல் வகுப்பைச் சொல்கிறேன், சிரித்துக்கொள்ளுங்கள். உள்ளே போய் மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொல்வார்கள், பிறகு இருக்கச் சொல்லலாம் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்கள் பாட்டுக்குக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் விடவில்லை, நின்றேன். கொஞ்ச நேரத்தில் முன் வரிசைப் பையன் ஒருவன் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, தன் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து என் அருகில் போட்டான். உடம்புக்கு ஏலாவிட்டால் இருங்கள் மிஸ் என்றான். பிள்ளைக்கு எவ்வளவு நல்ல மனது. நன்றி சொல்லி இருந்துவிட்டேன், வேறென்ன செய்வது? அவன் அந்தப் பாடம் முழுவதும் யன்னல் விளிம்பில் இருந்தபடி கணக்குச் செய்தான். அதற்குப் பிறகு நான் எந்த வகுப்புக்குள் போனாலும் வாசலிலேயே பேசத் தொடங்கிவிடுவேன்.

இரண்டு வருடம் இப்படி ஓடிய பிறகு கிழக்கு லண்டனில் ஒரு பெரிய பாடசாலையில் தற்காலிக நியமனம் கிடைத்தது. ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிப்பார்கள், அல்லது புதுப்பிக்க மாட்டார்கள். அங்கே ஆசிரியர்களுக்கு ஓர் ஓய்வறை இருந்தது. இடைவேளையில் எல்லோரும் அங்கே போய்த் தேநீர் குடிப்பார்கள். நான் முதல் நாள் அந்த வாசல் வரை போனேன். உள்ளே நல்ல சிரிப்புச் சத்தம். ஒருவராவது திரும்பிப் பார்த்து வாருங்கள் என்று சொன்னால் போகலாம் என்று நின்றேன். ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் வீட்டிலிருந்து பிளாஸ்கில் தேநீர் கொண்டு போய், என் வகுப்பறையில் தனியே இருந்து குடித்தேன். இந்த வெள்ளைக்காரர்களுக்கு எங்களைப் பிடிக்காது என்று கணவரிடம் படிக்கட்டில் வைத்துச் சொன்னேன். அவரும் தலையாட்டிவிட்டு நித்திரைக்குப் போனார்.

என் பிளாஸ்கைக் கண்டுபிடித்தது வரலாறு படிப்பித்த ஓர் அயர்லாந்துக்காரி. அவரின் பெயரை எழுத மாட்டேன்; எழுதினால் ஆளைப் பிடித்து ஏசுவார். என்னைவிட வயதில் கூடியவர், எந்நேரமும் யாரோ ஒருவருடன் சண்டையில் இருப்பவர். ஏதோ வரைபடம் தேடி என் அறைக்குள் வந்தவர், நான் தனியே இருந்து குடிப்பதைப் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்டார். யாரும் கூப்பிடவில்லை என்றேன். அவர் வரைபடம் தேடுவதை விட்டுவிட்டு என் மேசைக்கு வந்தார். பிறகு சொன்னார்: இந்த ஊரில் உள்ளே வா என்று உங்களை ஒருவரும் கூப்பிட மாட்டார்கள், வெளியே போ என்று சொல்லவும் மாட்டார்கள், வாசலில் நின்றால் சாகும்வரை நிற்க வேண்டியதுதான். அப்படியே என் பிளாஸ்கைப் பறித்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான் பிளாஸ்கின் பின்னால் போய் ஓய்வறைக்குள் நுழைந்தேன். அங்கே இருந்தவர்களுக்கு என்னில் ஒரு வெறுப்பும் இல்லை. நான் தேநீர் குடிக்காதவள் என்றுதான் நினைத்திருந்தார்களாம்.

இது நடந்து சில வருடங்களுக்குப் பிறகு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஊரிலிருந்து பிள்ளைகள் அந்தப் பாடசாலைக்கு வரத் தொடங்கினார்கள். அப்படி வந்தவள் சுகந்தி. பதினான்கு வயது, ஒல்லிப் பிள்ளை, இரட்டைப் பின்னல். வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். ஆனால் கணக்கென்றால் விடையை முதலில் எழுதிவிட்டு, இந்த மிஸ்ஸுக்கு வழியும் வேண்டுமாக்கும் என்பது போல என்னைப் பார்ப்பாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் எனக்கு அவளுடைய வகுப்பு. பதினாறு வயதில் எழுதும் பொதுப் பரீட்சைக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. அதில் மிக உயர்ந்த தரம் எடுப்பாள் என்று எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

ஒரு நாள் பாடசாலையின் உப அதிபர் என்னை விறாந்தையில் மறித்தார். சுகந்தியின் தாயைக் கூப்பிட்டிருப்பதாகவும், தாய்க்கு ஆங்கிலம் தெரியாததால் நான் வந்து மொழிபெயர்த்துத் தர வேண்டும் என்றும் சொன்னார். என்ன விசயம் என்று கேட்டேன். அந்தப் பிள்ளை அந்தத் தவணை முழுவதும் காலை முதற்பாடத்துக்குப் போகவில்லையாம். பாடசாலைக்குள் வருகிறாள், ஆனால் வகுப்புக்குள் இல்லை. விறாந்தையில் சுற்றித் திரிவதைப் பல ஆசிரியர்கள் கண்டிருக்கிறார்கள். இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டால் நிலத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்கிறாள். போக வேண்டிய இடத்துக்குப் போ என்றால் போய்விடுகிறாள், பிறகு பார்த்தால் திரும்பவும் அங்கேயே நிற்கிறாள்.

அதனால் அவளை வேறோர் இடத்துக்கு அனுப்பப் போவதாக உப அதிபர் சொன்னார். பாடசாலைக்கு ஒழுங்காகப் போகாத பிள்ளைகளுக்கென்று உள்ளூர்க் கவுன்சில் நடத்திய ஒரு சிறிய நிலையம் அது. அவர் கெட்ட மனிதர் அல்ல, அதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே சின்ன வகுப்பு, பொறுமையான ஆசிரியர்கள், யுத்தத்துக்குள்ளால் வந்த பிள்ளைக்கு அதுதான் நல்லது என்று உண்மையாகவே நம்பினார். ஆனால் அந்த நிலையத்தில் சமையலும் மரவேலையும் கொஞ்சம் ஆங்கிலமும்தான். கணிதமும் விஞ்ஞானமும் எடுத்துப் பரீட்சை எழுதிய பிள்ளை அங்கிருந்து வந்ததாக நான் கேள்விப்படவில்லை. போனால் அவளுடைய படிப்பு அதோடு சரி.

கூட்டத்துக்கு நான் போனபோது உப அதிபர் தன் அறைக்குள் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாயை இன்னும் காணவில்லை, இந்தப் பெற்றோருக்குப் பிள்ளையில் அக்கறை இருந்தால்தானே என்று முணுமுணுத்தார். நான் திரும்பி வாசலைப் பார்த்தேன். கதவு பாதி திறந்திருந்தது. அந்தக் கதவுக்கு வெளியே, அவசரமாக வந்த என் கண்ணிலும் படாமல், சுவரோடு ஒட்டிக்கொண்டு, தாயும் மகளும் நின்றார்கள். தாய் குளிர்ச் சட்டையைக் கழுத்துவரை பூட்டியிருந்தார். சான்ட்விச் செய்யும் தொழிற்சாலையில் விடியற்காலை ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்ததால், தலையில் வலை போட்ட தடம் இன்னும் நெற்றியில் இருந்தது. நான் அவர்களைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தேன். அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

உப அதிபர் நல்ல விதமாகத்தான் பேசினார். நான் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன். தாய் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஆசிரியர் பேசுகிறார் என்ற மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் ஒருமுறை மகளைத் திரும்பிப் பார்த்தார். சுகந்தி தலை நிமிரவில்லை. கடைசியில் உப அதிபர், இதற்குத் தாய் சம்மதமா என்று கேட்டார். நான் அதைத் தாயிடம் தமிழில் கேட்டேன்.

"நீங்கள் எல்லாம் படிச்ச ஆக்கள். பிள்ளைக்கு எது நல்லதெண்டு உங்களுக்குத் தெரியும்தானே," என்றார் தாய். "அவர் சொன்னாச் சரி எண்டு சொல்லுங்கோ டீச்சர்."

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எங்கள் தாய் தகப்பன்மார் இப்படிச் சொல்வதை உங்கள் வேலைக்காலம் முழுவதும் கேட்கப் போகிறீர்கள். ஊரில் ஆசிரியரை எதிர்த்துக் கதைக்கிற தாயை யாராவது கண்டதுண்டா? அதிபரின் முன்னால் ஓம் என்பது மரியாதை. அந்த யோசனை பிடித்திருக்கிறதா என்று அதற்குள் யாரும் தேட மாட்டார்கள். இங்கேயோ, வேண்டாம் என்று வாயால் சொல்லாவிட்டால் வேண்டும் என்றுதான் எழுதிக்கொள்வார்கள். இரண்டு பக்கத்திலும் பிழை இல்லை, நடுவில் இருக்கிற பிள்ளைதான் விழுந்துபோகிறது. இந்தப் பள்ளத்தைத் தெரிந்தவர் அந்த அறையில் ஒருவர்தான் இருந்தார். அது நான்.

பயமில்லாமல் இருந்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை. என் நியமனம் ஆண்டு முடிவில் புதுப்பிக்க வேண்டியது. புதுப்பிப்பதா இல்லையா என்று சொல்கிறவர்களில் எனக்கு முன்னால் இருந்த மனிதரும் ஒருவர். மொழிபெயர்க்க வந்தவளுக்கு அபிப்பிராயம் சொல்ல உரிமை இல்லை. தாய் சம்மதிக்கவில்லை என்று மாற்றிச் சொல்லிவிட்டால் காரியம் முடிந்துவிடும், யாருக்கும் தெரியவும் வராது. அந்த எண்ணமும் வந்ததுதான். ஆனால் ஒருமுறை அப்படிச் செய்தால், அதற்குப் பிறகு எந்த அறையிலும் எங்கள் சொல்லை நம்ப மாட்டார்கள். அந்த வழியில் போகாதீர்கள், எவ்வளவு நல்ல காரணம் இருந்தாலும்.

ஆகவே ஆங்கிலத்தில் சொன்னேன்: தாய் சம்மதம் என்கிறார், அவர் சொன்னது அவ்வளவுதான், என் மொழிபெயர்ப்பு வேலை இத்தோடு முடிந்தது; இனிமேல் நான் பேசுவது இந்தப் பிள்ளையின் கணித ஆசிரியையாக. இவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும், அனுமதி தாருங்கள். உப அதிபர் புருவத்தை உயர்த்தினார். பிறகு கேளுங்கள் என்று கையைக் காட்டினார்.

நான் சுகந்தியின் பக்கம் திரும்பினேன்.

"பிள்ளை, காலமையில விறாந்தையில நிண்டு என்ன செய்தனீர்?"

"உள்ளை கூப்பிடுவினம் எண்டு வகுப்பு வாசலில பாத்துக்கொண்டு நிண்டனான் டீச்சர்."

"கூப்பிடேல்லையோ?"

"ஒருநாளும் கூப்பிடேல்லை."

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. மிச்சத்தை அவள் துண்டு துண்டாகச் சொன்னாள். தாய் விடியமுன்னமே வேலைக்குப் போய்விடுவார். தகப்பன் இன்னும் கொழும்பில். தம்பிமார் இரண்டு பேரையும் சின்னப் பிள்ளைகளின் பாடசாலையில் இவள்தான் கொண்டுபோய் விட வேண்டும். அந்தக் கதவு திறந்த பிறகு ஓடிப்போய் பஸ் பிடித்து வந்தால், இங்கே முதற்பாடம் தொடங்கியிருக்கும். ஊரில் பிந்தி வந்த பிள்ளை என்ன செய்யும்? வாசலில் நிற்கும். ஆசிரியர் கண்டு, ஏன் பிந்தினாய் என்று கேட்டு, வா என்று சொன்ன பிறகுதான் காலை உள்ளே வைக்கும். எங்கள் வகுப்பறைகளுக்கு அரைச்சுவர்தானே, வாசலில் நிற்கிற பிள்ளையைக் காணாமல் விட ஏலாது. இங்கே எல்லாம் நெருப்புக்குப் பயந்து பாரமான கதவுகள், தாமாகவே மூடிக்கொள்ளும். அந்த மூடிய கதவுக்கு முன்னால் இந்தப் பிள்ளை, யாராவது வா என்று சொல்வார்கள் என்று, ஒரு தவணை முழுவதும் காலைதோறும் நின்றிருக்கிறது.

தாய் அதுவரை பிடித்துவைத்திருந்த மரியாதை எல்லாம் போய்விட்டது. "ஏனடி என்னட்டைச் சொல்லேல்லை?" என்று மகளின் கையைப் பிடித்தார்.

"சொன்னா நீங்கள் வேலைக்குப் போகாமல் நிண்டிடுவியள் அம்மா."

தாய் அழுதார். எனக்கும் கண் கலங்கியது. ஆனால் அது அழுகிற நேரம் அல்ல. நான் எல்லாவற்றையும் உப அதிபருக்குச் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, நம்ப மாட்டேன் என்று தலையை ஆட்டினார். ஒரு பிள்ளை ஒரு நாள் நிற்கும், இரண்டு நாள் நிற்கும், ஒரு தவணை முழுவதும் மூடிய கதவுக்கு முன்னால் யாராவது நிற்பார்களா, தட்டவாவது மாட்டார்களா என்றார். அந்தப் பிள்ளையில் உங்களுக்கு அன்பு இருப்பதால் அவள் சொல்கிற கதையை நம்புகிறீர்கள் என்றும் சொன்னார். அவருடைய இடத்தில் இருந்து பார்த்தால் அதுவும் நியாயம்தான். வாதாடி வெல்ல முடியாது என்று எனக்கு விளங்கியது.

அப்போதுதான் அவருடைய அறைக் கதவு என் கண்ணில் பட்டது. நான் கேட்டேன்: இந்தத் தாய் எப்போது வந்தார் என்று உங்கள் செயலாளரிடம் கேட்க முடியுமா?

அவருக்கு எரிச்சல். ஆனாலும் வெளியே எட்டிக் கேட்டார். செயலாளர் தன் மேசையில் இருந்தபடியே, அவர்கள் வந்து நெடுநேரம் ஆயிற்றே, கூட்டம் தொடங்கும் நேரத்துக்கு முன்னமே வந்துவிட்டார்கள், உள்ளே போங்கள் என்று இரண்டு தடவை சொன்னேன், சிரித்துவிட்டு, உள்ளே இருக்கிறவர் கூப்பிடட்டும் என்பது போல அங்கேயே நின்றார்கள் என்றார். உப அதிபர் திரும்பிவந்து தன் கதிரையில் இருந்தார். கதவைப் பார்த்தார். பாதி திறந்திருந்த கதவு அது, அவருடைய மேசைக்கும் அதற்கும் இடையில் ஆறேழு அடிதான். தாய் அந்தப் பக்கம் காத்துக்கொண்டு நின்றபோது, இந்தப் பக்கம் இருந்து அக்கறை இல்லாத தாய் என்று அவர் முணுமுணுத்தது எனக்கும் அவருக்கும்தான் தெரியும். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. அவர் தாயைப் பார்த்து, காக்க வைத்ததற்கு மன்னிக்க வேண்டும் என்றார். அதை உடனே மொழிபெயர்த்தேன்.

ஆனால் மனம் இளகியதும் முடிவை மாற்றிவிடுகிறவர்கள் உப அதிபராக நிலைக்க மாட்டார்கள். அவர் இரண்டு கிழமை அவகாசம் தந்தார். அதற்குள், யாரும் கூப்பிடாமலே, முதற்பாடத்துக்கு உள்ளே போய் இருக்கப் பழகினால் சுகந்தி இங்கேயே படிக்கலாம். இல்லாவிட்டால் அந்த நிலையம்தான். தம்பிமாரைக் கொஞ்சம் முந்தி உள்ளே எடுக்கச் சொல்லி அவர்களின் பாடசாலையோடு பேசுவதாகவும் சொன்னார். பேசினார். கொஞ்ச நேரம் மிச்சமாயிற்று, முழுதாக இல்லை. அவள் இன்னமும் பாடம் தொடங்கிய பிறகுதான் வந்து சேர்ந்தாள்.

இரண்டு கிழமை தாராளம் என்று நான் நினைத்தேன். கதவைத் திறந்து உள்ளே போவதற்கு எவ்வளவு நாள் வேண்டும்? சாப்பாட்டு நேரத்தில் அவளை என் வெற்று வகுப்பறைக்குக் கூட்டிக்கொண்டு வந்து பழக்கினேன். வெளியே நில்லும், தட்டும், பதிலுக்குக் காத்திராமல் திறந்துகொண்டு வாரும், பிந்தினதுக்கு மன்னியுங்கோ எண்டு சொல்லும், போய் இரும். தட்டுவாள். அதோடு நின்றுவிடுவாள். உள்ளே இருப்பது நான்தான் என்று தெரிந்தும் கை கதவைத் தள்ளாது.

"மரியாதை இல்லாத மாதிரிக் கிடக்கு டீச்சர்," என்றாள். "ஏலாமல் கிடக்கு."

எனக்குக் கோபம் வந்தது. பிறகு என் பிளாஸ்க் நினைவுக்கு வந்தது. அந்தக் கதையை அவளுக்குச் சொன்னேன். ஆசிரியை ஒருத்தி ஓய்வறை வாசலில் நின்றதைக் கேட்டு அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். சிரித்துவிட்டு, அடுத்த நாள் காலையில் போய் மறுபடியும் வாசலிலேயே நின்றாள். அதற்கடுத்த நாளும் நின்றாள். முதற் கிழமை அப்படியே போய்விட்டது.

எனக்குக் காலை முதற்பாட நேரத்தில் மேல்மாடியில் வேறு வகுப்பு. ஐந்து நிமிடம் இறங்கிப்போய், கதவைத் திறந்து அவளை உள்ளே தள்ளிவிட்டு வந்தால் என்ன என்று அயர்லாந்துக்காரியிடம் கேட்டேன். அவர் தேநீரைக் கிண்டிக்கொண்டே, உன் பிளாஸ்கை நான் எத்தனை நாள் தூக்கிக்கொண்டு போனேன் என்று கேட்டார். ஒரு நாள்தான். ஆனால் அந்த ஒரு நாள் எனக்குத் தேவைப்பட்டதே என்றேன். அவளுக்கு நீ உப அதிபரின் அறையில் ஏற்கெனவே அந்த ஒரு நாளைக் கொடுத்துவிட்டாய் என்றார். இப்படி ஒரு பிடிவாதக்காரி. ஆனால் அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்தது, அதனால் எரிச்சல் கூடியது. நான் கீழே இறங்கிப் போகவில்லை. அந்த இரண்டாவது கிழமை முழுவதும் மேல்மாடியில் நின்று பின்னக்கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன், என் மனம் மட்டும் கீழ் விறாந்தையில் நின்றது. படிப்பிக்கும் தொழிலில் மிகக் கடினமான வேலை, போகக்கூடிய இடத்துக்குப் போகாமல் இருப்பதுதான்.

இரண்டாவது கிழமை முடியப்போகிற ஒரு நாள், சாப்பாட்டு நேரத்துக்குச் சுகந்தி என் அறைக்கு வந்தாள். கதவு மூடியிருந்தது. இரண்டு தரம் தட்டிவிட்டு, நான் வாரும் என்று சொல்லமுன்னமே திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டாள். கையில் ஒரு மஞ்சள் துண்டு. முகத்தைப் பார்த்தால் பரிசு வாங்கியவள் போல இருந்தது.

"டீச்சர், எனக்கு டிடென்ஷன் தந்திட்டினம்."

பாடசாலை விட்ட பிறகு மறித்துவைக்கிற தண்டனைதான் அது. "ஏன் பிள்ளை? கேக்காமல் உள்ளை போனதுக்கோ?"

"இல்லை டீச்சர்," என்றாள். "உள்ளை போனதுக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. பிந்தி வந்ததுக்கு. இண்டைக்குப் பிந்தி வந்த எல்லாருக்கும் முதற்பாடத்துச் சேர் குடுத்தவர்."

நான் இருபது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்துவிட்டேன். ஒரு பிள்ளைக்குத் தண்டனை கிடைத்ததற்காக நான் சந்தோசப்பட்டது அன்றைக்கு மட்டும்தான். அவளைக் கட்டிப்பிடித்திருப்பேன், ஆனால் இந்த நாட்டில் அதற்கும் சட்டம் இருக்கிறது. கெட்டிக்காரி என்று மட்டும் சொல்லி, சாப்பிடப் போகச் சொன்னேன். தாய்க்கு விசயத்தைச் சொல்லப் பின்னேரம் தொலைபேசி எடுத்தபோது, டிடென்ஷன் என்றதும் மனுசி பதறிப்போனார். இது நல்ல விசயம் என்று விளங்கப்படுத்தி முடிக்க எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அன்றைக்குப் பாடசாலை விட்ட பிறகு, அந்தத் தண்டனை அறைப் பக்கமாகப் போனேன். சும்மா அந்த வழியால் போவதாக நினைத்துக்கொண்டுதான். கதவுக்கு முன்னால் உப அதிபர் நின்று, அதிலிருந்த சின்னக் கண்ணாடியால் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கொஞ்சம் விலகி இடம் விட்டார். நானும் பார்த்தேன். ஏழெட்டுப் பிள்ளைகள். சப்பாத்துக் காலை மேசையில் வைத்திருந்த ஒருவன், சூயிங்கம் மென்றுகொண்டு இரண்டு பெண்கள், அவர்களுக்கு நடுவில் இரட்டைப் பின்னலோடு சுகந்தி. பக்கத்துப் பெண் ஏதோ கேட்க, இவள் அவளுடைய கொப்பியில் எதையோ சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். கணக்காகத்தான் இருக்க வேண்டும்.

உப அதிபர் குரலைத் தாழ்த்தி, பாவம், இது முதற் தடவை, பிந்தியதற்குக் காரணமும் இருக்கிறது, நான் போய் அவளை மட்டும் விட்டுவிடச் சொல்லட்டுமா என்று கேட்டார். சொல்லிக்கொண்டே கைபிடியில் கையை வைத்துவிட்டார்.

வேண்டாம் என்றேன். மற்றப் பிள்ளைகள் போகிற நேரத்துக்கு அவளும் போகட்டும்.